மேற்குச் சுவருக்குப் போட்ட மீன்பெட்டி

எங்கள் வீட்டு மேற்குச் சுவரைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவருக்காக என் நாத்தனாரோடு சண்டை போட்டேன், பெற்ற மகளோடு சண்டை போட்டேன், மேஸ்திரியோடு தினமும் சண்டை போட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. நடுவில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அதையும் எழுதுகிறேன். நான் மறைத்தாலும் எங்கள் தெரு மறைக்காது.

வீடு முதலியார்பேட்டையில் இருக்கிறது. என் கணவர் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் கட்டியது. செங்கல் இல்லை, ஹாலோ பிளாக். நடுவில் இரண்டு ஓட்டை உள்ள பெரிய சிமெண்ட் கல். அப்போது எங்கள் தெருவில் எல்லோரும் செங்கல்லில்தான் கட்டினார்கள். இவர் மட்டும் கல் அறுக்கும் இடத்துக்கே போய் ஒவ்வொரு கல்லையும் விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியாக வந்ததை மட்டும் வண்டியில் ஏற்றச் சொன்னார். ஷிப்ட் முடிந்து வந்து குளிக்காமல் சுவருக்குத் தண்ணீர் பிடிப்பார். கட்டி முப்பது வருஷம் ஆகிறது. ஒரு வெடிப்பு கிடையாது. புயலில் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் படுத்தபோதும் இது அசையவில்லை.

சூடு மட்டும் ஏறும். அதுவும் முன்பெல்லாம் தெரியவில்லை. மேற்குப் பக்கத்துக் காலி மனையில் பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் முழுவதும் எங்கள் சுவர்மேல்தான் விழும். மனையை வாங்கியவர் முதல் வேலையாக மரத்தை வெட்டினார். வீடும் கட்டவில்லை. அந்த வருஷத்திலிருந்து எங்கள் மேற்குச் சுவர் தோசைக்கல் ஆகிவிட்டது. மூன்று மணிக்குச் சூடேறத் தொடங்கினால் நாங்கள் இரவுச் சாப்பாடு முடிக்கும்வரை ஆறாது. மேலே ஒரு மாடி இருப்பதால் கூரையிலிருந்து சூடு இறங்காது. அந்தச் சுவரை ஒட்டிய மேற்கு அறையில் இருந்த சூடு முழுக்க அந்த ஒரு சுவர் கொடுத்ததுதான்.

அந்த அறையில்தான் என் கணவர் படுத்திருக்கிறார். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. மிஞ்சியது இரண்டே வார்த்தை. ஆமா, இல்ல. அந்த இரண்டும் சில நேரம் மாறி வரும். காபி வேண்டுமா என்றால் "இல்ல" என்பார், கையை நீட்டுவார். இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. வீட்டில் இருப்பது இரண்டே படுக்கையறை. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவும், உள்ளேயே கக்கூஸும் இருப்பது மேற்கு அறையில் மட்டும். அதனால் வேறு இடம் மாற்றவும் வழியில்லை.

ஏசி போட்டால் என்ன என்று கேட்காத ஆள் கிடையாது. போட்டோம். குளிர்காற்று பட்டால் அவருடைய வலது கை முறுக்கிக்கொண்டு மார்போடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் வலியில் கண்ணில் தண்ணீர் வரும். காற்று மேலே படாமல் திருப்பி வைத்தால் சுவர் விடுகிற சூட்டோடு அது போட்டி போட்டு ஓடும். கத்திரி வெயிலில் எங்கள் பக்கம் மத்தியானத்தில் கரண்ட் இழுபறியாகத்தான் வரும். ஏசி இரண்டு முறை மூச்சு விட்டு நின்றுவிடும். அது இப்போது சுவரில் சும்மா தொங்குகிறது.

போன வருஷக் கத்திரியில் ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு ஊட்டப் போனேன். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஆட்டோவில் எப்படி ஏற்றினேன் என்று இப்போதும் எனக்கு ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். "இன்னொரு தடவை இப்பிடி ஆனா தாங்க மாட்டாரும்மா. அந்த ரூம்ல இவர வெச்சிருக்காதீங்க." நான் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. பெங்களூரிலிருந்து ஓடி வந்த என் மகளும், என் கணவரின் அக்காவும் கூடவே நின்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே பேச்சு ஆரம்பித்தது. அவர் கட்டிலில் படுத்திருக்க, அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்தே பேசினார்கள். ஊருக்குள் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம். என் நாத்தனார் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், இன்றைக்கும் கன்னியாஸ்திரிகளை "மா சேர்" என்றுதான் சொல்வார்.

"மா சேர் கிட்ட பேசிட்டேன். சுவரு ரெண்டு முழம் கனம். உள்ள நுழைஞ்சாலே ஜில்லுனு இருக்குது. தம்பி அங்க நிம்மதியா இருப்பான்."

"நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நீ தெனம் போய்ப் பாரு. யாரு வேணாம்னாங்க?"

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, உனக்கும் அறுபத்திரெண்டு ஆவுது. அப்பாவத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போயிடுச்சி. அத்தை சொல்றதுல தப்பு இல்லம்மா."

அவள் அன்பால்தான் சொன்னாள். அது தெரிந்ததால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாயிற்று. கட்டிலைப் பார்த்தேன். அவர் "இல்ல, இல்ல" என்றார். நாத்தனார் அவர் காலைத் தட்டிக்கொடுத்தார். "அவனுக்கு ஆமாவும் ஒண்ணுதான் இல்லையும் ஒண்ணுதான். பாவம்."

"அடுத்த கத்திரி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க அண்ணி" என்றேன். "அதுக்குள்ள அந்த ரூம நான் சரி பண்றேன். பண்ணலன்னா நீங்க சொல்ற எடத்துல நான் கையெழுத்து போடுறேன்." எப்படிச் சரி செய்வேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொல்லிவிட்டால் நான் செய்யாமல் விடமாட்டேன் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டேன் என்று பெயர். இரண்டு மாதம் யோசித்தேன். சுவருக்கு வெள்ளை அடித்தேன், கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. பந்தல் போட்டுக் கொடி ஏற்றலாம் என்றால் அந்தப் பக்கம் எங்களுக்கு இருப்பது மூன்றடிச் சந்து, மேற்கு வெயிலில் எதைப் போட்டாலும் கருகியது. கடைசியில் விடை கிடைத்தது குருசுக்குப்பத்தில். கடலோரத்தில் இருக்கும் அந்தக் குப்பத்தில்தான் என் பிறந்த வீடு.

என் அம்மா மீன் விற்றார். நான் கல்லூரிக்குப் போன நாள்வரை காலையில் என் வேலை மீன்பெட்டிக்கு மூடி போடுவது. தெர்மாகோல் பெட்டி. ஐஸை உடைத்துப் போட்டு, மீனை அடுக்கி, மறுபடி ஐஸ் போட்டு, மூடியை நாலு மூலையிலும் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் மத்தியானத்துக்குள் உள்ளே தண்ணீர்தான். சரியாக மூடினால் வெயிலிலேயே கிடந்தாலும் சாயங்காலம்வரை ஐஸ் இருக்கும். அந்தத் தொழில் இப்போது என் அண்ணனிடம். ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனபோது மணலில் கொதிக்கிற வெயிலில் ஒரு பெட்டி கிடந்தது. மேலே கை வைத்தேன், சுட்டது. மூடியைத் திறந்து உள்பக்கம் கை வைத்தேன், விரல் மரத்தது. நடுவில் இரண்டு விரல்கடை தெர்மாகோல், அவ்வளவுதான்.

"அண்ணே, மீனுக்குக் குடுக்கிற மரியாதைய நான் என் ஊட்டுக்காரருக்குக் குடுக்கலையே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னா பாப்பா சொல்ற?"

சொன்னேன். சுவரின் வெளிப்பக்கம் முழுக்கத் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் வலை வைத்துப் பூசிவிட்டால் வெயில் கல்லைத் தொடாது. உள்பக்கம் ஒட்டினால் கல் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், மழைக்காலத்தில் நடுவில் ஈரமும் தங்கும். வெளியே ஒட்டுவதுதான் சரி. வெளிநாட்டில் எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் செய்கிறார்களாம், அதற்கென்று பலகை, பசை எல்லாம் இருக்கிறதாம். இங்கே கடையில் கேட்டால் ஸ்கூல் பிள்ளைகள் புராஜெக்ட் செய்கிற விரல் தொட்டால் உதிரும் தெர்மாகோலைக் காட்டினார்கள். மீன்பெட்டி அப்படி இல்லை. கெட்டி, மேலே ஆள் உட்காரலாம்.

மேஸ்திரிதான் முதல் எதிரி. பக்கத்துத் தெருக்காரர், நல்ல வேலைக்காரர், ஆனால் தனக்குத் தெரியாத எதையும் நம்ப மாட்டார்.

"சினிமா செட்டா டீச்சர் போடுறோம்? தெர்மாகோல் மேல பூச்சு நிக்காது."

"வலை வெச்சா நிக்கும்."

"எதுக்கு அதெல்லாம்? இது ஹாலோ பிளாக்கு. உள்ள ஓட்டை, ஓட்டைக்குள்ள காத்து. காத்தே சூட்ட தடுத்துடும். கம்பெனிக்காரனே சொல்லியிருக்கான்."

"அப்பறம் ஏன் சுவரு சுடுது?"

"அது வெயிலு டீச்சர்."

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? அண்ணனிடமிருந்து இரண்டு கட்டி ஐஸ் வாங்கி வந்தேன். தோட்டத்தில் கிடந்த பழைய ஹாலோ பிளாக் ஒன்றின் ஓட்டையில் ஒரு கட்டியைப் போட்டு, மேலும் கீழும் ஓட்டுத்துண்டு வைத்து அடைத்தேன். இன்னொன்றைச் சின்ன மீன்பெட்டியில் போட்டு மூடினேன். இரண்டையும் வெயிலில் வைத்துவிட்டு மேஸ்திரியைச் சாப்பிட்டு வரச் சொன்னேன். அவர் வருவதற்குள்ளேயே கல்லிலிருந்து தண்ணீர் வழிந்து காய்ந்தும் போயிருந்தது. காற்று ஓட்டைக்குள்தான் இருக்கிறது, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் சிமெண்ட் இருக்கிறதே, சூடு அது வழியாக நடந்து வந்துவிடும். பெட்டியைத் திறந்து ஐஸைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி டீச்சர், ஒட்டிப் பாக்கலாம். உதிந்தா என்னைச் சொல்லக் கூடாது."

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். தவக்காலம் வந்தது. எங்கள் ஆட்கள் கறியை விட்டு மீனுக்கு மாறுகிற நாற்பது நாள். அண்ணனுக்கு வியாபாரம் கூடுதல், பழைய பெட்டியும் கூடுதல். மூடி உடைந்தது, மூலை பிய்ந்தது என்று அவர் கொட்டகைக்குப் பின்னால் மலையாய்க் கிடந்தது. வீணாய்ப் போவதை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனும் சந்தோஷமாக அள்ளிக் கொடுத்தார். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தோம், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைத்தோம், பிளீச்சிங் பவுடர் போட்டோம், மொட்டை மாடியில் ஒரு வாரம் காய வைத்தோம். கடைசியில் அண்ணனும் நானும் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கோடு ஒட்டி முகர்ந்து பார்த்தோம்.

"வாடை இருக்குதா அண்ணே?"

"சுத்தமா இல்ல பாப்பா."

எனக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்த இரண்டு மூக்கு. மேஸ்திரி ஒருவரைக் கேட்டிருக்கலாம். அவருக்கு வாயில் எந்த நேரமும் புகையிலை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டிகளை அறுத்துப் பலகையாக்கினோம். சுவரிலிருந்து பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, கழுவி, டைல்ஸ் பசையைத் தடவி ஒவ்வொன்றாக ஒட்டினார் மேஸ்திரி. தரையிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் ஏறும் என்றேன். நான் சொன்னதில் அவர் மறுக்காமல் கேட்டது அது ஒன்றுதான். அகலத் தலை ஆணி அடித்து இறுக்கி, மேலே வலை விரித்து, இரண்டு தடவை பூசினோம். பக்கத்துக் காலி மனை வழியாகப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சர் ஊட்டு சுவத்துக்கு ஸ்வெட்டரு போடுறாங்க" என்று மாடியில் குடியிருக்கும் அம்மாள் கீரைக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூச்சு நின்றது. சுவரும் ஆறியது. அறையில் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தேன். ஒட்டுவதற்கு முன்பு மத்தியானம் முப்பத்தாறு காட்டியது இப்போது முப்பத்தொன்றில் நின்றது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டிலை அடுத்த நாளே சுவரோரம் நகர்த்தினேன். இரண்டு வாரம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு வெயில் ஏறியது. முதலில் வந்தது பூனைகள். ஒன்று, இரண்டு, பிறகு எங்கள் தெருவில் இத்தனை பூனை இருக்கிறதா என்று நானே மலைக்கும்படி ஏழெட்டு. மத்தியானமானால் சந்தில் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கும். கீழே விட்டிருந்த ஒரு சாண் இடைவெளியில் கையை விட்டுப் பிறாண்டும். மாடி அம்மாள் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார். எலி இருக்கும்போல என்று நினைத்தேன். என் மூக்கு அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பூசை முடிந்து கையில் குருத்தோலையோடு நாத்தனார் வந்தார். தம்பி அறையில் சிலுவைக்குப் பின்னால் ஓலையைச் செருகப் போனவர் நடுவிலேயே நின்று மூக்கை முந்தானையால் மூடினார்.

"என்னா இது, கருவாட்டு நாத்தம்?"

"எங்க அண்ணி?"

"சுவத்துலேருந்து வருது. உன் அண்ணன் ஊட்டுப் பொட்டியா இதுல ஒட்டியிருக்க? படுத்த படுக்கையா கெடக்கிறவன இந்த நாத்தத்துலயா போட்டு வெச்சிருக்க?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "எங்க போனாலும் அது போவாதே உங்களுக்கு."

அந்தக் கடைசி வார்த்தைதான். கல்யாணமாகி வந்த புதிதில் என் புடவையைக் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தவர் இவர். டீச்சர் வேலை கிடைத்த பிறகு அதெல்லாம் நின்றது. நின்றது என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை எழுத இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நிஜமாகவே நாறியது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

அவர் போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து என் கணவரைக் கேட்டேன். "வாடை அடிக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தின் இடது பாதி சிரித்தது. "ஆமா."

"எத்தன நாளா?"

விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு கை, பிறகு மறுபடி ஒரு கை. பத்து நாள் அந்த மனிதர் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் அந்த நாற்றத்தைச் சுவாசித்திருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் இடது கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அழுது முடித்ததும் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "எல்லாத்தையும் பேத்து எடுக்கணும்."

"நான் அப்பவே சொன்னேன் டீச்சர்."

"நீங்க பூச்சு நிக்காதுன்னு சொன்னீங்க. பூச்சு நிக்குது. நாளைக்கு வாங்க."

சூட்டில் தெர்மாகோல் மணிகளுக்கு நடுவில் பதுங்கியிருந்த மீன் தண்ணீர் கசிந்து வெளியே வந்திருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது உள்ளேதான் இருந்திருக்கும். பிய்த்த பலகைகளை அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், ஏழெட்டுப் பூனைகளும் தெருமுனைவரை வழியனுப்பிவிட்டு வந்தன. இனிமேல் என்ன செய்யப் போகிறாய் என்று மகள் போனில் கேட்டாள். மறுபடி ஒட்டப் போகிறேன் என்றேன். எதை என்று கேட்டாள்.

"மீன்பொட்டிதான்."

"அம்மா."

"மீனப் பாக்காத மீன்பொட்டி."

கம்பெனியிலிருந்து புதிதாக வந்து இறங்கிய கட்டு, ஒரு நெத்திலிகூடத் தொடாத பெட்டிகள். அண்ணனுக்கு வந்த லோடில் எனக்கு வேண்டியதைப் பிரித்து நேராக வீட்டுக்கே அனுப்பினார். வேறு பொருள் கிடைத்திருக்கலாம். தேடியிருந்தால் அந்த வெளிநாட்டுப் பலகைகூடக் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. என் அம்மா தலையில் சுமந்த பொருள் அது. அது என்னைப் படிக்க வைத்தது. அதே பெட்டிதான் என் வீட்டுச் சுவரில் ஏற வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. இந்த முறை ஒவ்வொரு பலகையையும் மாடி அம்மாளைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவர் வாய்பொத்திச் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் முகர்ந்தார்.

புனித வாரத்தில் இடிப்பதும் ஒட்டுவதும் எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. நாத்தனார் போனில் கூப்பிட்டார். "பெரிய வெள்ளி அன்னிக்கு ஆணி அடிக்கப் போறியா? ஆண்டவரை அறைஞ்ச நாளு."

"வெள்ளிக்கிழம அடிக்க மாட்டேன். வியாழக்கிழம வரைக்கும் அடிப்பேன், சனிக்கிழம அடிப்பேன்" என்றேன். அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமை மேஸ்திரி தன் வீட்டில் இருந்தார், நான் கோயிலில் முழங்காலில் இருந்தேன். பாதி ஒட்டிய சுவர் வெள்ளை வெள்ளையாக நின்றது. ஈஸ்டர் பாஸ்கு முடிந்த வாரத்தில் பூச்சு முடிந்தது. ஒரு வாரம் காலையும் மாலையும் நானே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டேன். பூனை ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்கு அதுதான் சர்டிபிகேட்.

கத்திரி பிறந்து ஐந்தாம் நாள் அவர்கள் வந்தார்கள். மகள் வேண்டுமென்றே மூன்று மணியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்த நேரத்தில் பார்த்தால்தான் தெரியும் என்றாள், அது நியாயம்தான். நாத்தனாரின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இல்லத்தின் விண்ணப்பம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். வெளியே தெருவில் நாய்கூட இல்லை. நாற்பது என்று மகளின் போன் காட்டியது.

அறைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெப்பமானி முப்பத்திரண்டில் நின்றது. மகள் நேராகப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். போன வருஷம் அதே இடத்தில் வைத்து வெடுக்கென்று எடுத்தவள். இந்த முறை எடுக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது அத்தை."

நாத்தனார் வெப்பமானிக்கு அருகில் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "முப்பத்திரெண்டு. மா சேர் ஊட்ல இருபத்தெட்டுக்கு மேல போவாது. நான் நேத்து பாத்துட்டுத்தான் வந்தேன். நீ கஷ்டப்பட்ட, இல்லைங்கல. ஆனா நாலு டிகிரி நாலு டிகிரிதான். அவன் உசுரு விஷயம். கட்டில்கூட எடுத்து வெச்சிருக்காங்க."

கணக்கு டீச்சரிடம் கணக்கைச் சொல்லிவிட்டார். இரண்டு முழச் சுவரை என் இரண்டு விரல்கடை தெர்மாகோல் ஜெயிக்காது, அது எனக்கும் தெரியும். தம்பிமேல் அவர் வைத்திருக்கிற பாசம் என்னுடையதைவிடக் குறைவு என்றும் என்னால் சொல்ல முடியாது. தாய் இல்லாத பிள்ளையை அவர்தான் வளர்த்தார். பேனாவை என் பக்கம் நீட்டினார். ஒரு வருஷம் எல்லோரோடும் மல்லுக்கு நின்றேனே, படுத்திருக்கிற மனிதரை நான் ஒரு நாளாவது உட்கார வைத்துக் கேட்டேனா என்று அப்போதுதான் உறைத்தது. வாடை அடிக்கிறதா என்று கேட்டேன். இங்கேயே இருக்கிறீர்களா என்று கேட்கவே இல்லை.

"அவரைக் கேளுங்க அண்ணி" என்றேன். "அவரு போறேன்னு சொன்னா நான் இப்பவே போடுறேன்." போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

"அவன என்னாத்தக் கேக்கிறது? ஆமான்னா இல்லம்பான், இல்லன்னா..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. கட்டிலில் அசைவு தெரிந்தது. என் கணவர் இடது கையை நீட்டி, சுவரோரம் மடித்துக் கிடந்த போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். மார்கழியில் போர்த்துகிற கனத்த போர்வை, கட்டிலில் அடைசலாகக் கிடந்தது. ஒரு கையால் அதை இழுப்பது லேசில்லை. இழுத்தார், நழுவியது, மறுபடி பிடித்தார். உதவப் போன மகளை விரலை ஆட்டி நிறுத்தினார். வயிற்றுக்கு வந்தது, பிறகு மார்புக்கு. கடைசியில் கழுத்துவரை ஏற்றிவிட்டு, கையை உள்ளே விட்டுக்கொண்டு, அக்காவை நேராகப் பார்த்தார்.

நாத்தனார் நீட்டியிருந்த பேனாவைக் கீழே இறக்கினார். பிறகு கேட்டார். "என்னாடா, குளுருதா உனக்கு?"

"ஆமா" என்றார்.

மகள் முதலில் சிரித்தாள், பிறகு அப்பா காலடியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் விண்ணப்பத்தைக் கவருக்குள் போட்டு, கவரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். காபி குடிக்கிறேன் என்று சொல்லி அவராகவே அடுப்படிக்குத் திரும்பினார்.

நான் போர்வையைச் சரி செய்வதுபோல் அவர்மேல் குனிந்தேன். நெற்றியோரமும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டேன்.